பின்னால் நிற்பவர்கள்

கேள்வி: ராக் என்றாலே கிடார்தான். பேஸும் (தாழ்ந்த சுரம் தரும் கிடார்) டிரம்ஸும் வாசிப்பவர்கள் தாளம் தவறாமல் பின்னால் நின்றால் போதாதா? 'சிறந்த பேஸ்-டிரம்ஸ் ஜோடி எது' என்று எதற்கு இத்தனை விவாதம்?

பதில்: போதாது. தாளம் தவறாமல் இருக்க ஒரு கருவி போதும், மனிதர் எதற்கு? காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் விழும் அதே நொடியில் பேஸ் விழுகிறதா, ஒரு இம்மி முந்துகிறதா, பின்னால் இழுக்கிறதா? பாட்டு ஓடுவதும் நகராமல் கிடப்பதும் அதில்தான் இருக்கிறது. கிடார் எவ்வளவு பறந்தாலும் அதன் மேல்தான் பறக்கிறது.

என்னைக் கேட்டால், முதலிடம் லெட் செப்பலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ் (பேஸ்), ஜான் பானம் (டிரம்ஸ்) ஜோடிக்கு. 1969-இல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே பானம் ஒரே காலால், ஒரே பெடலில், கிக் டிரம்மில் டிரிப்லெட்டுகளை (ஒரு தட்டின் நேரத்தில் மூன்று அடிகள்) உருட்டுகிறார். கேட்ட பலர் இரண்டு கிக் டிரம் என்றே நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற ஜோன்ஸ், ஸ்டுடியோக்களில் பிறர் பாட்டுக்கு வாசித்துப் பழகி வந்தவர். எங்கே நிரப்ப வேண்டும், எங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. 1980 செப்டம்பரில் பானம் இறந்தார். டிசம்பரில் மற்ற மூவரும் குழுவையே முடித்துக்கொண்டார்கள். ஜிம்மி பேஜ் மாதிரி ஒரு கிடார்காரர் கையில் இருந்தும்!

'தி ஹூ' குழுவின் கதை நேர் எதிர். கீத் மூன் டிரம்ஸ் முழுவதும் சுழன்று வாசிப்பார், சும்மா தாளம் போடும் ஆள் இல்லை. ஜான் என்ட்விசிலோ பேஸை முன்னணி வாத்தியமாகவே நடத்தினார். 1965-இல் வந்த 'மை ஜெனரேஷன்' பாட்டில் சோலோ அவருடைய பேஸுக்குத்தான். அப்போது தாளத்தைக் கட்டிக்காத்தது யார்? பீட் டவுன்ஷெண்டின் கிடார். நீங்கள் சொல்லும் வரிசையே அங்கே தலைகீழ்.

க்ரீம் குழுவின் ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஜோடியை நான் ஒரு படி கீழேதான் வைப்பேன். திறமையில் இருவரும் அசுரர்கள், சரி. ஆனால் பல இடங்களில் ஒருவரோடு ஒருவர் வாசிக்காமல் ஒருவரை ஒருவர் எதிர்த்து வாசிக்கிறார்கள். ரஷ் குழுவின் கெடி லீ, நீல் பியர்ட் இருவரிடமும் கணக்கு அவ்வளவு சுத்தம், வியக்கிறேன். ஆனால் உடம்பு தானாக ஆடுவதில்லை.

அப்புறம், பட்டியல்களில் பலர் தவறவிடும் ஜோடி ஒன்று: மிக் ஃப்ளீட்வுட், ஜான் மெக்வீ. 1967-இல் பீட்டர் கிரீன் என்ற கிடார்காரர் தொடங்கிய குழு அது. பெயரைத் தன் பெயரில் வைக்காமல், டிரம்மர் பெயரையும் பேஸ் வாசிப்பவர் பெயரையும் சேர்த்து 'ஃப்ளீட்வுட் மேக்' என்று வைத்தார். அப்போது மெக்வீ குழுவில் சேரக்கூட இல்லை, அவரை இழுக்கத்தான் அந்தப் பெயர். 1970-இல் கிரீனே விலகிப் போனார். பிறகு கிடார்காரர்களும் பாடகர்களும் வந்தார்கள், போனார்கள். இவர்கள் இருவரும் மட்டும் கடைசி வரை இடம் மாறவில்லை.