அட்டை குத்தியவர்

அன்புள்ள ஐயா,

நானும் இரண்டு நண்பர்களும் சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை பார்த்தவர்கள். இப்போது ஓவியர்களின் கற்பனையை நிரலாக எழுதி, திரையில் அசையும் படைப்பாக்கித் தருவதைத் தொழிலாகச் செய்கிறோம். ஈரோட்டு ஓவியர் ஒருவர், ‘நொய்யல் சாயமாக ஓட வேண்டும்’ என்று ஒரே வரிதான் சொன்னார். எங்களுக்கு நான்கு மாத வேலை. கண்காட்சியில் அவர் பெயர் மட்டும் இருந்தது. நாங்கள் கலைஞர்களா, கூலிக்காரர்களா?

கே., கோவை

அன்புள்ள கே.,

சென்னிமலையில் என் சித்தப்பா ஜக்கார்டு தறி வைத்திருந்தார். டிசைன் போடுபவர் ஒரு தாமரை வரைந்து கொடுப்பார். அதைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றி, அட்டையில் ஓட்டை குத்துபவர் வேறொருவர். அந்த அட்டை தறியில் ஏறும். ஓட்டை இருந்தால் பாவு நூல் எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். தாளில் வளைந்த இதழ் துணியில் படிப்படியாகத்தான் வரும். எந்தப் படியை எங்கே ஒடித்தால் கண்ணுக்கு வளைவாகத் தெரியும் என்பது அட்டைக்காரரின் முடிவு. அவர் கை பிசகினால் தாமரை முட்டைக்கோஸ் ஆகிவிடும். எந்தப் போர்வையிலும் அவர் பெயரை நான் பார்த்ததில்லை. டிசைன்காரர் பெயரும்தான் இல்லை, அது வேறு கதை.

சாயம் எந்த வேகத்தில் பரவும், நுரை எங்கே ஒதுங்கும் என்பதையெல்லாம் முடிவு செய்தது யார்? நீங்கள் என்றால் தயங்காமல் பெயர் கேளுங்கள். ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தால் கூலி போதும். கூலி ஒன்றும் இழிவான சொல் அல்ல.

அமெரிக்கக் கலைஞரான சோல் லெவிட் 1968 முதல் சுவரோவியங்களுக்குக் குறிப்பு எழுதித் தந்தார். வரைந்தவர்கள் பெரும்பாலும் பிறர். முதலில் வரைந்தவர்கள் பெயரும் அப்படைப்புகளின் விவரத்தில் பதிவாகியிருக்கும்.

நம் பதிப்புரிமைச் சட்டம் நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்கிறது. (இதைக் கேட்டு முகம் சுளிக்கும் கவிஞர்கள் எனக்கு நண்பர்கள்.) எழுதிக் கொடுக்காமல் அந்த உரிமை கைமாறாது, காலம் குறிக்காமல் எழுதிக் கொடுத்தால் 5 ஆண்டு என்றே சட்டம் கொள்ளும். ‘பழகிய முகம், எழுத்து எதற்கு’ என்று நானும் இருந்து ஏமாந்திருக்கிறேன். அடுத்த வேலைக்கு முன்பணத்தோடு கையெழுத்தும் வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, பராமரிப்பு. திரையில் அசையும் படங்கள் செய்யப் பயன்பட்ட ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தியது. அதில் செய்த எத்தனையோ படைப்புகள் முடங்கின. போர்வை கிழிந்தால் வாங்கியவர் பாடு. நிரல் நின்றால், திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு உங்களுக்குத்தான் போன் வரும். அதற்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.