வாசகர் கேள்விகள்: சிற்றூர் வங்கியின் பெயரில் ஒரு டாலர் தாள்

கேள்வி: அயோவா மாநிலத்தில் பணிபுரியும் என் மகன், அங்குள்ள பழம்பொருள் கடையில் 1929 என்று அச்சிட்ட 10 டாலர் தாள் ஒன்றை வாங்கியிருக்கிறான். பழுப்பு நிற முத்திரையும் ஏதோ ஒரு சிற்றூர் வங்கியின் பெயரும் அதில் இருக்கின்றன. தனியார் வங்கி எப்படிப் பணம் வெளியிட்டது? இதற்கு மதிப்பு உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் விவரிப்பது 'நேஷனல் பேங்க் நோட்' என்ற வகை. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல், லிங்கன் ஆட்சியில் வந்த சட்டத்தின்படி, மத்திய அரசின் உரிமம் பெற்ற வங்கி அரசுக் கடன் பத்திரங்களைக் கருவூலத்தில் ஈடாக வைத்துவிட்டுத் தன் பெயரில் தாள்களை வெளியிடலாம். வங்கி நொடித்துப் போனாலும் கருவூலம் பணம் கொடுத்துவிடும் என்பதால் மக்கள் அவற்றைத் தயங்காமல் வாங்கினார்கள். 1900இல் சட்டம் தளர்ந்து, 3,000 பேருக்கு மேற்படாத ஊர்களில் 25,000 டாலர் மூலதனத்திலேயே வங்கி தொடங்கலாம் என்றானதும், வெளியுலகம் அறியாத ஊர்களின் பெயர்களும் பணத்தில் ஏறின. ஈடாக இருந்த பத்திரங்களை 1935இல் அரசு திரும்பப் பெற்றதோடு இந்த ஏற்பாடு முடிந்தது.

தாளின் இரு ஓரங்களிலும் கறுப்பில் செங்குத்தாக நிற்பது அந்த வங்கியின் சார்ட்டர் எண், அதாவது உரிம எண். வரிசை எண் A முதல் F வரையிலான ஓர் எழுத்தில் தொடங்கி A என்று முடிந்தால், அது 1929 தாள்களின் இரு வகைகளில் 1933க்கு முந்தைய முதல் வகை. ஒரே முழுத்தாளில் அச்சான ஆறு நோட்டுகளுக்கும் எண் ஒன்றுதான், முன்னெழுத்து மட்டுமே மாறும். 1929க்கு முந்தைய பெரிய அளவுத் தாள்கள் இன்னும் அழகானவை. முழுத்தாளாக வந்தவற்றில் வங்கித் தலைவரும் காசாளரும் பேனாவால் கையெழுத்திட்டுக் கத்தரியால் வெட்டிக் கொடுத்ததும் உண்டு என்பதால், கோணலான ஓரத்தையும் மங்கிய மையையும் குறையாகக் கருத வேண்டாம்.

மதிப்பைத் தீர்மானிப்பது பழமையைவிட, அந்த வங்கியின் தாள்கள் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பதுதான். பெருநகர வங்கியின் தாள் சாதாரண விலைக்கே கிடைக்கும். இரண்டு மூன்று மட்டுமே மிஞ்சிய சிற்றூர்த் தாளுக்கோ அந்த வட்டாரத்துச் சேகரிப்பாளர்களே போட்டி போடுவார்கள். எஞ்சியவற்றை வங்கிவாரியாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். சார்ட்டர் எண்ணைக் கொண்டு அதில் பார்க்காமல் விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: இத்தகைய தாளில் உள்ள கறையையும் மடிப்பையும் போக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடவே கூடாது. கழுவிய தாளில் இயல்பான மொடமொடப்பு போய்விடும், இஸ்திரி போட்டால் அச்சின் மேடு அமுங்கிவிடும். இரண்டையும் அனுபவசாலிகள் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்கள். பிவிசி கலக்காத உறையில், வெயிலும் ஈரமும் படாமல், இருக்கிறபடியே வைத்திருங்கள்.