மேட்ரிமோனி கட்டிலும் சூடான 'சி' குழாயும்

கேள்வி: சார், நானும் அம்மாவும் ரோம், ஃபுளோரன்ஸ் போகப் போறோம். டிக்கெட் போட்டாச்சு, ஹோட்டல் இன்னும் புக் பண்ணல. இத்தாலியன்ல ஒரு வார்த்தை தெரியாது. ஹோட்டல்ல சமாளிக்க என்னென்ன தெரிஞ்சா போதும்?
- வாசகி, கரூர்

பதில்: ஹோட்டல் இன்னும் போடலையா, நல்லதா போச்சு, வேலை அங்கதான் ஆரம்பம். 'காமெரா'ன்னா அவங்களுக்கு ரூம். அதுல 'காமெரா மாத்ரிமோனியாலே'ன்னு ஒண்ணு வரும், நம்ம மேட்ரிமோனி சைட்டை நினைச்சுக்கோங்க மறக்காது, புருஷன் பொண்டாட்டிக்கான ஒரே பெரிய கட்டில். அம்மாவோட போற உங்களுக்கு வேணும்கறது 'தூவே லெத்தி', ரெண்டு கட்டில்.

உள்ள போனதும் பகல்ல 'புவோன்ஜோர்னோ', சாயங்காலம் 'புவோனசேரா'. 'ச்சாவ்' எல்லாம் பழகினவங்களுக்கு, ரிசப்ஷன்ல வேணாம். அப்புறம் 'ஓ ஊனா ப்ரெனோதாட்ஸியோனே', அதாவது புக் பண்ணியிருக்கேன். உடனே பாஸ்போர்ட் கேட்பாங்க, பதறாதீங்க, தங்க வர்றவங்க விவரத்தை 24 மணி நேரத்துக்குள்ள போலீசுக்கு அனுப்பணும்னு அங்க சட்டம். 'தாஸ்ஸா தி சொஜ்ஜோர்னோ'ன்னு தனியா காசு கேட்டாலும் ஏமாத்துறாங்கன்னு சண்டைக்கு போயிடாதீங்க, அது ஊர் வரி, ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு கணக்கு, ரூம் வாடகையில பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

இப்ப முக்கியமான விஷயம், குழாய். பழைய ஹோட்டல்ல 'சி', 'எஃப்'னு எழுத்து இருக்கும், நம்ம மூளை 'சி'யைப் பார்த்ததும் கோல்டுன்னு படிச்சிடும், ஆனா அது 'கால்டோ', சுடுதண்ணி! பச்சத்தண்ணி 'ஃப்ரெதோ'. அம்மாகிட்ட முதல்லயே சொல்லி வைங்க.

ஏசியோ ஹீட்டரோ மக்கர் பண்ணா கையை நீட்டி 'நொன் ஃபுன்ட்ஸியோனா'ன்னா போதும், வேலை செய்யலன்னு புரிஞ்சுக்குவாங்க.

கேள்வி: பாத்ரூம்ல ஷவர் பக்கத்துல ஒரு கயிறு தொங்குமாமே, அது எதுக்கு?
- வாசகர், தேனி

பதில்: கேட்டீங்களே, நானும் ஒரு தடவை எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச்னு நினைச்சு நல்லா இழுத்தேன். அது வழுக்கி விழுந்தா உதவிக்கு கூப்பிடுற அலாரம். தலையெல்லாம் சோப்பு, வெளியே ரிசப்ஷன்காரர் மூச்சு வாங்க கதவைத் தட்டுறார். துண்டை சுத்திக்கிட்டு கதவிடுக்கு வழியா 'ஸ்கூஸி, துத்தோ பேனே'ன்னேன். மன்னிச்சுக்கோங்க, எல்லாம் நல்லாதான் இருக்குன்னு அர்த்தம். சிரிச்சுக்கிட்டே போயிட்டார்.