சத்தம், வெளிச்சம், துணி எல்லாமே உறுத்துகிறது: பெரியவர்கள் ஆக்குபேஷனல் தெரபி போகலாமா?

போகலாம். குளிப்பது, சாப்பிடுவது, வேலைக்குப் போவது மாதிரி அன்றாடக் காரியங்களைச் சிரமமில்லாமல் செய்ய உதவுகிற சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி. நான் முப்பது தாண்டிய பிறகுதான் போக ஆரம்பித்தேன், இப்போதும் அவ்வப்போது போய்க்கொண்டிருக்கிறேன். மிக்ஸி சத்தமும் டியூப் லைட்டும் சட்டை லேபிளும் ஆளைப் படுத்தி எடுக்கிறது, ஆனால் ஆக்குபேஷனல் தெரபி என்றால் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, அங்கே போனால் என்ன செய்வார்கள், போனால் இதெல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒற்றை வரியில் பதில் கிடையாது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்று. இது உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறதா, இல்லை சமீபத்தில் வந்ததா? சமீபத்தில் திடீரென்று ஆரம்பித்தது என்றால் நேராக டாக்டரிடம் போங்கள், தெரபி எல்லாம் அப்புறம். மைக்ரேன் இருக்கிறவர்களுக்கு வெளிச்சமும் சத்தமும் தாங்காது. முகவாதம் வந்தவர்களுக்கு அந்தப் பக்கக் காதில் சாதாரணச் சத்தமே அதிகமாகக் கேட்கலாம். கண் வறண்டு போனாலும் கூசும். நானே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்து, கேட்கும் திறன் சோதனை நார்மல் என்று வந்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பட்டுப்பாவாடை ஜரிகை இடுப்பில் பட்டால் அழுகை, கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது எல்லாரும் அட்சதை போட நான் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பேன். "இவளுக்கு எதை எடுத்தாலும் ஒரு நொட்டை" என்பதுதான் வீட்டில் இதற்கு வைத்திருந்த பெயர். உங்கள் வீட்டிலும் இதற்கு ஏதாவது ஒரு பெயர் இருக்கும்.

பிள்ளைகளுக்கான சிகிச்சை என்று எல்லாரும் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. புலன்கள் தரும் தகவலை மூளை எப்படிச் சேர்த்துப் பயன்படுத்துகிறது என்ற கோட்பாட்டை உருவாக்கியவர் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அவர் வேலை பார்த்தது படிப்பில் சிரமப்பட்ட குழந்தைகளோடு, 1972-இல் வந்த அவருடைய புத்தகமும் அவர்களைப் பற்றியதுதான். அதனால் இன்றைக்கும் எந்த சென்டருக்குப் போனாலும் ஊஞ்சல், பெரிய பந்து, முட்டி இடிக்கிற அளவுக்குக் குட்டி நாற்காலிகள். நான் முதலில் விசாரித்த இடத்தில் "நாங்க 12 வயசு வரைக்கும்தான் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த இடத்தில் பார்க்க ஒப்புக்கொண்டார்கள், ஆனால் வெளியில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு அம்மா "உங்க குழந்தை உள்ள இருக்கா?" என்று கேட்டார். "நான்தாங்க குழந்தை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான், சட்டைக் காலரை வெட்டிட்டுத்தான் போடுவார்" என்றார். இந்த மாதிரி ஆட்கள் எத்தனை பேர் எந்தப் பெயரும் இல்லாமல் காலரை வெட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறார்களோ தெரியாது.

சரி, உள்ளே என்ன நடந்தது? நான் ஊஞ்சலில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்துப் போனேன். தெரபிஸ்ட் மேடம் ஒரு நோட்டைத் திறந்து, "காலைல கண் முழிச்சதுல இருந்து சொல்லுங்க, எதையும் விடாதீங்க" என்றார். பல் தேய்க்கிற பேஸ்ட் என்ன சுவை, குளிக்கும்போது தண்ணீர் தலையில் பட்டால் எப்படி இருக்கும், டவல் புதுசா பழசா, பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவேன், ஆபீஸில் என் மேசைக்கு மேலே என்ன விளக்கு, மதியம் யாரோடு சாப்பிடுவேன், அவர்கள் மெல்லுகிற சத்தம் கேட்குமா. கடைசிக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது, ஏனென்றால் நான் தனியாகச் சாப்பிடுவதற்கு அதுதான் காரணம், யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பிறகு ஒரு கேள்வித்தாள். பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று பிரவுனும் வின்னி டன்னும் 2002-இல் வெளியிட்ட சென்ஸரி புரொஃபைல் அது, 60 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அநேகமாக இல்லவே இல்லை என்பதிலிருந்து அநேகமாக எப்போதும் என்பது வரை ஐந்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும். தாள் ஆங்கிலத்தில்தான் இருந்தது, புரியாத இடங்களை அவரே தமிழில் சொல்லிச் சொல்லிக் கேட்டார். இதில் நல்லவர் கெட்டவர் என்று மார்க் கிடையாது, நான்கு போக்குகள் வருகின்றன. சிலருக்குப் புலன் தகவல் லேசில் எட்டாது. சிலர் அதைத் தேடிப் போவார்கள். சிலருக்குச் சின்ன விஷயமும் உடனே எட்டிவிடும், ஆனால் ஒன்றும் செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிலர் அந்த இடத்தை விட்டே விலகிப் போவார்கள். ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்டதும் இருக்கலாம்.

எனக்கு ஆச்சரியம் எங்கே வந்தது என்றால், சத்தத்திலும் தொடுதலிலும் எல்லாமே எட்டிவிடுகிற எனக்கு, சொந்த உடம்பு விஷயத்தில் பாதி எட்டவே இல்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வது, பசி தெரியாமல் வேலை பார்த்துவிட்டுத் தலைவலி வந்த பிறகுதான் சாப்பிடவில்லை என்று தெரிவது, இதெல்லாம் நான் கவனக்குறைவு என்றுதான் நினைத்திருந்தேன். ஐம்புலன் போக இன்னும் மூன்றை இவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள்: உடம்பின் சமநிலை, கைகால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு, பசி தாகம் படபடப்பு போன்ற உள் உணர்வு. சத்தம் தாங்கவில்லை என்று போன எனக்கு முதல் வீட்டுப்பாடமாகக் கிடைத்தது நேரம் வைத்துச் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும். இதற்கா காசு கொடுத்து வந்தோம் என்று தோன்றியது உண்மை. ஆனால் பசியோடு இருக்கிற நாளில் ஹாரன் சத்தம் இரண்டு மடங்கு குத்துகிறது என்பது கொஞ்ச நாளிலேயே தெரிந்தது.

இரண்டாவது வீட்டுப்பாடம் டைரி. எது தொந்தரவு செய்தது, எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது, முந்தின ராத்திரி எவ்வளவு தூக்கம். எழுதிப் பார்த்தால் என் எதிரி என்று நான் நம்பிக்கொண்டிருந்த மிக்ஸி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றும் செய்யவில்லை. அதே மிக்ஸி வார நாளில் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் என்னை அழ வைக்கிறது. காலை பஸ், நாள் முழுக்க ஏசி இரைச்சல், டியூப் லைட், திரும்ப பஸ், வீட்டுக்குள் நுழைந்தால் டிவி, குக்கர், தாளிப்பு நெடி. சத்தம் கேட்டு முடிந்ததோடு போய்விடுவதில்லை, வட்டி மாதிரி சேர்ந்துகொண்டே வருகிறது, மிக்ஸி கடைசியில் வந்து மாட்டுகிறது.

அதனால் மேடம் மிக்ஸியைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் நேராக என் அறைக்குப் போய் விளக்கைப் போடாமல் 20 நிமிஷம் இருக்க வேண்டும், யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அதன் பிறகு உடம்புக்கு அழுத்தம் கொடுக்கிற ஏதாவது வேலை, சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளுவது, இல்லையென்றால் சப்பாத்தி மாவு பிசைவது. தசையும் மூட்டும் அழுந்துகிற வேலை நிறையப் பேருக்குப் படபடப்பைக் குறைக்கும் என்பது இவர்கள் அனுபவம், எனக்கும் குறைகிறது. எங்கள் வீட்டில் இப்போது மாவு பிசைவது என் டிபார்ட்மென்ட், தண்ணீர் கேனைத் தூக்கி வைப்பதும் நான்தான், அம்மாவுக்கு இதில் பரம சந்தோஷம்.

மூன்றாவதாக அம்மாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். இதை நீங்கள் கட்டாயம் செய்யுங்கள், முடிந்தால் சீக்கிரமே செய்யுங்கள். நான் பத்து வருஷமாகச் சொல்லி ஏறாத விஷயம், வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் "அம்மா, நீங்க மிக்ஸி போடறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுத்துடுங்க, அவ்வளவுதான்" என்று சொன்னதும் ஏறிவிட்டது. எப்போது வரும் என்று தெரிந்த சத்தம் திடீரென்று வருகிற சத்தத்தை விடக் குறைவாகத்தான் தாக்கும். இப்போது சமையலறையிலிருந்து "மிக்ஸி போடறேன்டீ" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலே பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும், அது வேறு கதை.

பொருள்கள் வாங்குவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். எடைப் போர்வை என்று ஒன்று விற்கிறார்கள், உடல் எடையில் ஏறக்குறைய 10% இருக்க வேண்டும் என்பார்கள், அதாவது 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. சென்னை மே மாதத்தில் கரண்ட் போன ராத்திரி ஒன்றில் அதைப் போர்த்திப் பார்த்தால் தெரியும். நான் வாங்காமல், பழைய பருத்தித் துணியில் பை தைத்து இரண்டு கிலோ அரிசி போட்டு, உட்கார்ந்து வேலை செய்யும்போது மடியில் வைத்துக்கொள்கிறேன். இரைச்சல் குறைக்கும் ஹெட்போன் பஸ் இன்ஜின், ஏசி போன்ற சீரான சத்தத்துக்கு நன்றாக உதவும், குக்கர் விசிலுக்கும் ஹாரனுக்கும் அந்த அளவுக்கு உதவாது. ரோடு கிராஸ் பண்ணும்போது கழற்றிவிடுங்கள். காதில் வைக்கிற பஞ்சு பிளக்கை நாள் முழுக்க வைத்தால் காது இன்னும் கூர்மையாகிவிடும் என்று எனக்குக் கண்டிப்பாகச் சொன்னார்கள், அதனால் மண்டபம், ஆடி மாதக் கோயில் ஸ்பீக்கர் என்று தேவைப்படுகிற இடத்துக்கு மட்டும். ஆபீஸில் செலவே இல்லாமல் கிடைத்தது சீட் மாற்றம். பழைய சோக் வைத்த டியூப் லைட், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் சிலருக்குத் தலை வலிக்கும். ஜன்னல் பக்கம் மாற்றிக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையில் ஆராய்ச்சி பெரும்பாலும் குழந்தைகளை வைத்து நடந்தது, அதிலும் முடிவுகள் கலவைதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2012-லேயே இந்தச் சிகிச்சைகளுக்கான ஆதாரம் குறைவு என்று பெற்றோரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறது. சென்ஸரி பிராசஸிங் டிஸார்டர், அதாவது புலன் தகவலை மூளை கையாள்வதில் வருகிற கோளாறு, மனநல மருத்துவர்கள் பயன்படுத்துகிற டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டில் தனி நோயாகக் கிடையாது, ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகப் புலன் உணர்வு அதிகமாகவோ குறைவாகவோ இருப்பதை 2013-இல் சேர்த்தார்கள். ஏடிஎச்டி என்கிற கவனச் சிதறல் கோளாறு, பதற்றம் இருக்கிறவர்களுக்கும் இது வரும், எதுவுமே இல்லாதவர்களுக்கும் வரும். உங்களுக்கு ஆட்டிசமா என்று தெரிய வேண்டுமென்றால் மனநல மருத்துவரையோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டையோ பாருங்கள். இத்தனை செஷனில் முழுசாகக் குணமாக்குகிறேன், பேக்கேஜ் போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்று மாதத்தில் என் நாளில் எது மாற வேண்டும், அதை எப்படிப் பார்ப்போம் என்று கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் அந்தக் கேள்விக்கு எரிச்சல்பட மாட்டார்.

சரியாகிவிடுமா? எனக்கு ஏர் ஹார்ன் இன்றைக்கும் குத்துகிறது, ஜரிகை இன்றைக்கும் உறுத்துகிறது. ராத்திரி எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், இரைச்சலான ஒரு நாளுக்குப் பிறகு அடுத்த நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பதில்லை, எனக்கு இவ்வளவு போதும். உங்களுக்கு எது போதும் என்பதை முதல் நாளே மேடமிடமோ சாரிடமோ சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது என்றால், ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம், அதாவது பி.ஓ.டி. அல்லது எம்.ஓ.டி. படித்தவரா என்று கேளுங்கள். இரண்டு வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டி வைத்துக்கொண்டு சென்டர் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு இருக்கும், வேலூர் சிஎம்சியில் உண்டு, சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்தில் உண்டு. போன் பண்ணும்போதே பெரியவர்களைப் பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். அப்படியே வார நாளில் காலை பத்து, பதினொரு மணி நேரத்தைக் கேளுங்கள். பள்ளி விட்ட பிறகு எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள், அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கிற சத்தத்துக்கு நம்மால் ஐந்து நிமிஷம் உட்கார முடியாது.