கேம் உங்கள் கதை போலவே இருக்கிறதா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

எழுதுகிறவர்களிடமிருந்து கொஞ்ச நாளாக ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. கதை எழுதியவர், புகைப்படம் எடுத்தவர், கேமுக்கு வசனம் எழுதிக் கொடுத்தவர் என்று ஆள் மாறுகிறதே தவிர மனக்குறை ஒன்றுதான்: என் உழைப்பை ஒரு கேம் கம்பெனி எடுத்துக்கொண்டது என்று. அதனால் சேர்த்து வைத்துப் பதில் எழுதுகிறேன். முதலில் ஒரு சின்ன விஷயம். நிறையப் பேர் 'காப்புரிமை' என்று எழுதுகிறீர்கள். புதுக் கண்டுபிடிப்புகளுக்கான பேட்டண்டையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். கதைக்கு உள்ளது பதிப்புரிமை, மலாயில் ஹாக் சிப்தா. இரண்டுக்கும் சட்டம் வேறு, விண்ணப்பப் பாரமும் வேறு, பதிவு அலுவலகக் கவுண்டரில் கேட்கும்போது சரியாகக் கேளுங்கள்.

தோட்டத்துப் பையன் ஒருவன் பாட்டியின் நினைவுக்குள் போய் ஜப்பானியர் ஆட்சியில் ரயில்பாதை போட ஆளெடுத்த சயாம் மரண ரயில் காலத்தைப் பார்ப்பதாக 2016-ல் நாவல் எழுதினேன். இப்போது ஒரு வெளிநாட்டு கேமில் முன்னோர் நினைவுக்குள் போகும் இயந்திரம் வருகிறது. வழக்குப் போடலாமா? (செந்தூல் வாசகர்)

இதே விஷயத்துக்கு ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 2012-ல் அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் பென்சில்வேனியா கூட்டரசு நீதிமன்றத்தில் யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார். முன்னோரின் நினைவுகளுக்குள் போய் வாழ்ந்து பார்க்கும் கருவியை என் நாவலில் நான் முன்பே எழுதிவிட்டேன், அவர்களுடைய அசாசின்ஸ் கிரீட் கேம் அதை எடுத்துக்கொண்டது என்பது அவர் வாதம். 1.05 மில்லியனிலிருந்து 5.25 மில்லியன் டாலர் வரை இழப்பீடு கேட்டார். சில வாரங்களிலேயே வழக்கை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார், நீதிமன்றம் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

அந்த வாதம் ஏன் கஷ்டமானது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். நம் மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 7(2A) பிரிவு, எண்ணத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று நேரடியாகவே சொல்கிறது. அமெரிக்கச் சட்டத்திலும் அப்படித்தான். 'முன்னோர் நினைவுக்குள் போவது' என்பது எண்ணம். அதை யாரும் வேலி போட்டு வைத்துக்கொள்ள முடியாது, நீங்களும் முடியாது, கேம் கம்பெனியும் முடியாது. அதோடு அசாசின்ஸ் கிரீட் 2007-லேயே வந்துவிட்டது, உங்கள் நாவலுக்கு ஒன்பது வருடம் முன்னால். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே அதை எடுத்து வைப்பார்.

ஆனால் நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களைப் படித்தேன். பாட்டியின் வெற்றிலைப் பெட்டி மூடியில் ஆணியால் கீறிய பதினேழு கோடுகள் இருக்கின்றனவே, ஒவ்வொரு கோடும் காட்டில் இறந்துபோன ஒருவருக்கு என்று, பையன் அதைக் கடைசிக் கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ண எண்ண ஒவ்வொருவர் முகமும் வருகிறதே, அது முழுக்க உங்களுடையது. அந்த மூடியும் அந்த எண்ணும் வரிசையும் அந்த கேமில் இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். அளவில் எவ்வளவு எடுத்தார்கள் என்பதைவிட எதை எடுத்தார்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். நாவலின் உயிர்நாடியான ஒரு பக்கம் போதும்.

ஒரு வேலை செய்யுங்கள். தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கம் உங்கள் நாவல், இன்னொரு பக்கம் கேம் என்று ஒத்துப்போகும் இடங்களை எல்லாம் எழுதுங்கள். அப்புறம் இந்த மாதிரிக் கதை என்றாலே வந்துவிடும் சமாச்சாரங்களை (இயந்திரம், மயக்கம், பழங்காலத்தில் விழிப்பது) அடித்துவிடுங்கள். மிச்சம் என்ன நிற்கிறதோ அதுதான் உங்கள் வழக்கு. ஒன்றும் நிற்கவில்லை என்றால் வக்கீலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கையெழுத்துப் பிரதியை உறையில் போட்டு ஒட்டி எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி வைத்திருக்கிறேன். இது போதுமா? (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி)

போதாது. இதே மாதிரி ஒரு உறையை ஒருவர் என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். பதினோரு வருடம் பத்திரமாக அலமாரியில் இருந்த உறை. நம் ஊர் ஈரத்துக்குக் கோந்து விட்டுப்போய், மடிப்பு தானாகவே பூவிதழ் மாதிரி எழுந்து நின்றது. யாரும் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அவர் நேர்மையான மனிதர். ஆனால் நடுவில் தாள்களை மாற்றவில்லை என்று நீதிமன்றத்தில் எப்படிக் காட்டுவது? அதே மனிதரின் பையில் மளிகைக்கடைக் கணக்கு எழுதும் 555 நோட்டுகள் நாலு இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் தேதி, அடித்தல் திருத்தல், காட்சிகளின் முதல் வடிவம், இடையில் அரிசி விலை. அந்த உறையைவிட அந்த நோட்டுகளுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று சொன்னபோது அவரால் நம்பவே முடியவில்லை.

எழுதி முடித்ததுமே பதிப்புரிமை வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் 2012-லிருந்து மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில், அதாவது மைஐபிஓ-வில், படைப்பை நாமாகவே முன்வந்து பதிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. இன்னது என்னுடையது, இந்தத் தேதியில் எழுதினேன் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டு அக்குவான் பெர்கானுன், அதாவது சத்தியப் பிரமாணப் பத்திரம், கொடுக்க வேண்டும். பின்னால் யாராவது மறுத்தால் பொய்யென்று காட்டும் பொறுப்பு அவர்கள் தலையில் விழும். இதைச் செய்யுங்கள். நோட்டையும் கணினிக் கோப்புகளின் பழைய வடிவங்களையும் தூக்கிப் போடாதீர்கள்.

சாட்சியம் எவ்வளவு நுணுக்கமாக இருக்கலாம் என்பதற்கு ஜூடி ஜூராசெக் வழக்கைத்தான் நான் எப்போதும் சொல்வேன். சுவர், கல், கண்ணாடி, உலோகம் என்று பரப்புகளைப் படமெடுத்து 1996-ல் புத்தகமாகவும் கூடவே சிடியாகவும் போட்டவர் அவர். வணிகத்துக்குப் பயன்படுத்துவதென்றால் தனியாக உரிமம் வாங்க வேண்டும். 2021-ல் அமெரிக்காவில் கேப்காம் என்ற கேம் கம்பெனி மீது வழக்குப் போட்டார்: ரெசிடென்ட் ஈவில் 4 உள்ளிட்ட கேம்களில் தன்னுடைய படங்கள் குறைந்தது 80, இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகின்றன என்று. வெறும் ஜாடை என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை. 2020-ல் கேப்காமின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் வெளியிட்ட கோப்புகளில் ஒரு உலோகப் படத்தின் பெயர்கூட அவருடைய சிடியில் இருந்தபடியே இருந்தது என்று மனுவில் சொன்னார். உடைந்த கண்ணாடியின் கீறல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுவரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 2022-ல் இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொண்டார்கள். முதல் கேள்வியில் சொன்ன வழக்கையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும்.

ஒரு ஸ்டூடியோவுக்கு வசனமும் பாத்திரங்களின் பின்கதையும் எழுதிக் கொடுத்தேன். மூவாயிரம் ரிங்கிட் கொடுத்தார்கள், ஒப்பந்தம் எதுவும் இல்லை. கேம் நன்றாக ஓடுகிறது. பங்கு கேட்கலாமா? (பாயான் லெப்பாஸ் வாசகர்)

தம்பி, இதற்குப் பதில் எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஒப்பந்தம் இல்லாததால் உரிமை என்னிடமே இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு நேர்மாறாகச் சொல்கிறது. ஒருவர் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை சொன்னவருக்கே போய்விட்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எழுதினாலும் அப்படித்தான். இந்த ஒரு பிரிவு தெரியாமல் இங்கே எத்தனை பிள்ளைகள் உழைப்பைக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

விட்சர் நாவல்களை எழுதிய போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கி கதை தெரிந்திருக்கும். கேம் உரிமையை சிடி ப்ராஜெக்ட் என்ற கம்பெனியிடம் விற்றபோது லாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னார்கள், அவர் வேண்டாம், மொத்தமாகக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். கேம் உலகம் முழுக்க விற்றது. 2018-ல் அவருடைய வழக்கறிஞர்கள் 60 மில்லியன் ஸ்லாட்டி (போலந்து நாணயம்) கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அவருக்குக் கைகொடுத்தது போலந்துச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு: எழுத்தாளருக்குக் கிடைத்த தொகைக்கும் வாங்கியவர் பார்த்த லாபத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால் தொகையை உயர்த்தக் கேட்கலாம். 2019 டிசம்பரில் நீதிமன்றம் போகாமலே இரண்டு தரப்பும் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது.

உங்களிடம் மிச்சம் இருப்பது நம் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. எழுதியவர் என்று உங்கள் பெயரைப் போட வேண்டும், வேறு யார் பெயரையும் போடக் கூடாது. கேமின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் அதைக் கேட்டு எழுதுங்கள், அடுத்த வேலைக்கு அது உதவும். கூடவே வாட்சாப்பில் அவர்களோடு பேசியதை எல்லாம் முதலிலிருந்து தேடிப் பாருங்கள். 'இரண்டாம் பாகம் வந்தால் உங்களுக்குத் தனியாகத் தருகிறோம்' என்பது மாதிரி ஒரு வரி இருந்தாலும் அதுவும் ஒப்பந்தத்தின் பகுதி என்று வாதாட இடம் உண்டு.

கடாரத்தின் மேல் ராஜேந்திர சோழன் படையெடுத்ததை நாவலாக எழுதினேன். அதே விஷயத்தில் ஒரு கேம் தயாராகிறது. என் ஆராய்ச்சியை எடுத்துவிட்டார்கள். (பட்டர்வொர்த் வாசகர்)

1025-ல் நடந்த படையெடுப்பு யாருக்கும் சொந்தமில்லை. தஞ்சைக் கல்வெட்டில் மன்னனின் வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்தி இருக்கிறது, கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கில் செங்கல் அடித்தளங்கள் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்து எழுதலாம். வருடக் கணக்கில் அலைந்து திரட்டிய தகவல் என்றாலும் தகவல் தகவல்தான், அதற்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் மெய்க்கீர்த்தியை நீங்கள் மலாயில் பெயர்த்திருக்கிறீர்களே, அந்த மொழிபெயர்ப்பு உங்கள் படைப்பு. கேமின் திரையில் அந்த வரிகள் அப்படியே ஓடினால் விடாதீர்கள். நீங்கள் கற்பனையாக உண்டாக்கிய மனிதர்களும் அப்படியே.

கதைச் சுருக்கத்தை ஒரு கம்பெனிக்கு மின்னஞ்சல் செய்தேன். பதிலே வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே கதை போல ட்ரெய்லர் வருகிறது.

அனுப்பிய மின்னஞ்சலில் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. இது ரகசியமாகச் சொல்வது, என் அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்து, கதையும் அதற்கு முன் எங்கும் வெளியாகாமல் இருந்தால், பதிப்புரிமை கைகொடுக்காத இடத்தில் நம்பிக்கை மீறல் என்று வழக்குப் போடலாம். அங்கே எண்ணத்துக்குக்கூடப் பாதுகாப்பு கிடைக்கும். 'வணக்கம், இத்துடன் கதை இணைத்துள்ளேன், நன்றி' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வழி குறுகிவிடும். ஆனாலும் கதை அவர்கள் கைக்குப் போனதற்கு அந்த மின்னஞ்சல் நல்ல சாட்சி. அழித்துவிடாதீர்கள்.

கம்பெனி ஜப்பானில் இருக்கிறது. இங்கே வழக்குப் போட முடியுமா, எவ்வளவு கிடைக்கும்? (ஆயர் ஈத்தாம் வாசகி)

இங்கே விற்கிறார்கள் என்றால் இங்கே நடந்த மீறலுக்கு இங்கே போடலாம். ஜாலான் டூத்தாவில் (இப்போது ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம்) இருக்கும் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துக்கென்றே 2007-லிருந்து தனிப் பிரிவு இருக்கிறது. நட்டம் இவ்வளவு என்று காட்ட முடியாவிட்டால், ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை, மொத்தமாக 500,000 ரிங்கிட் வரை சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். விற்பனையை நிறுத்தத் தடையுத்தரவும் கேட்கலாம், பல நேரங்களில் பணத்தைவிட அதுதான் கம்பெனியைப் பேச வைக்கும். காலக்கெடு ஆறு வருடம். அமெரிக்காவில் போடுவதென்றால் மூன்று வருடம்தான். மலேசியப் படைப்புக்கு அங்கே முன்பதிவு இல்லாமலே வழக்குத் தொடரலாம், ஆனால் மீறலுக்கு முன்பே பதிந்திருந்தால்தான் அங்கத்திய சட்டப்படி இழப்பீடும் வக்கீல் செலவும் கேட்க முடியும்.

பெரிய தொகையை நினைத்து இறங்காதீர்கள். ஒரு மல்யுத்த வீரரின் பச்சைக்குத்துகளை கேமில் அப்படியே காட்டியதற்காக, அவற்றைக் குத்திய கலைஞர் போட்ட வழக்கில் 2022-ல் அமெரிக்க ஜூரி அவர் பக்கம் நின்றது. கொடுக்கச் சொன்னது 3,750 டாலர்.

முகநூலில் கம்பெனி பெயரைப் போட்டுத் 'திருடர்கள்' என்று எழுதிவிட்டேன். பரவாயில்லையா? (புக்கிட் மெர்த்தாஜாம் வாசகர்)

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். பதிவை இன்றைக்கே நீக்குங்கள். ஆனால் நீக்குவதற்கு முன்னால் கீழே வந்த கருத்துகளை ஒன்றுவிடாமல் படமெடுத்து வையுங்கள். ஏழாவதாக ஒருவர், 'அங்கே வேலை பார்த்தபோது இந்தப் புத்தகம் மீட்டிங் அறை மேசையில் கிடந்தது, பாதிப் பக்கங்களில் மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது' என்று எழுதியிருக்கிறார், நீங்கள் அதற்கு ஒரு லைக் போட்டுவிட்டு விட்டிருக்கிறீர்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.