ஆர் மென்பொருளில் ‘இடம் ஒதுக்க முடியவில்லை’ என்று வந்தால் ராம் கூட்டினால் போதுமா?

கேள்வி: என்னுடையது 8 ஜிபி ராம் லேப்டாப். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ரெக்ரஷன் (ஒன்றை மற்றவை எப்படிப் பாதிக்கின்றன என்று பார்க்கும் கணக்கு) ஓட்டினால், வெக்டாருக்கு (எண்களின் வரிசைக்கு) இடம் ஒதுக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. ஃபைல் 100 எம்பிகூட இல்லை. ராம் கூட்டினால் சரியாகுமா, வேறு மென்பொருளுக்கு மாற வேண்டுமா?

ராம் வாங்கிவிடாதீர்கள். முதலாளியை வாங்க வைத்து அசிங்கப்பட்டவன் சொல்கிறேன்.

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் குவாலிட்டி பார்க்கிறேன். 24 ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கும் மெஷின்), ஒவ்வொன்றிலும் 1,200 ஸ்பிண்டில் (நூலைச் சுற்றும் கதிர்). எந்த ஸ்பிண்டிலில் எத்தனை தடவை நூல் அறுந்தது என்று சென்சார் ஷிப்டுவாரியாக எண்ணிவிடும். மொத்தம் 28,800 ஸ்பிண்டில், மூன்று ஷிப்ட், தினம் 86,400 வரி. 30 நாளுக்கு 25,92,000.

ஆரம்பத்தில் இதை எக்செலில்தான் திறந்தேன். எக்செல் ஷீட்டில் தலைப்பு வரியையும் சேர்த்து 10,48,576 வரிக்கு மேல் கிடையாது. முழுசாக ஏறவில்லை என்று ஒரு பெட்டி காட்டும். அதைப் படிக்காமல் ஓகே அழுத்தி, அதே பெயரில் சேவ் பண்ணிவிட்டேன். 13ஆம் தேதி முதல் ஷிப்ட், 10வது ஃப்ரேம், 975வது ஸ்பிண்டிலோடு எங்கள் மாதம் முடிந்துவிட்டது. போன மாதத்தைவிட நூல் அறுப்பு பாதிக்கும் கீழே என்று ரிப்போர்ட் போனது. ஒரு நாள் முழுக்க எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம். (லாட் பார்கோடு 16 இலக்கம் என்றால் இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டு கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும், பழைய பதிப்புகள் பெட்டிகூடக் காட்டாது.)

அந்த அனுபவத்துக்குப் பிறகு ஆர் எனக்கு நல்ல மனுஷனாகத் தெரிந்தது. முடியாவிட்டால் முடியாது என்று கத்திவிட்டு நிற்கும். உங்களுக்கு வந்த அதே கத்தல்தான் எனக்கும் வந்தது: 6.2 ஜிபி வெக்டாருக்கு இடமில்லை. எங்கள் ஃபைலும் சின்னதுதான். ஒரு எண்ணுக்கு 8 பைட் என்றால், 25,92,000 வரியுள்ள ஒரு காலம் (நெடுவரிசை, column) 21 எம்பி. அப்புறம் 6.2 ஜிபி எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல், நேராகப் போய் “சிஸ்டம் பத்தலீங்க” என்றேன். டெஸ்க்டாப்பில் 64 ஜிபி ஆக்கிக் கொடுத்தார்கள். மறுபடி ஓட்டினேன். இந்த முறை 556.2 ஜிபிக்கு இடமில்லை என்று வந்தது.

முதலாளி அதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இதுக்கு எத்தனை லட்சமுங்க ஆகும்?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஸ்பிண்டில் எண்ணை நான் ஃபேக்டராக, அதாவது எண்ணாக இல்லாமல் வகைப் பெயராக, கொடுத்திருந்தேன். 28,800 வகை உள்ள ஃபேக்டருக்கு ஆர் முதலில் 28,800-க்கு 28,800 என்று ஒரு சதுர மேட்ரிக்ஸ் (எண்களின் கட்டம்) கட்டும். 8 பைட்டால் பெருக்கினால் 6.2 ஜிபி. அதைத் தாண்டினால், ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் ஒரு காலம் வைத்து 25,92,000 வரிக்கும் முழு மேட்ரிக்ஸ். அதுதான் 556. ஒரு வரியில் ஒன்றிரண்டு இடத்தைத் தவிர மீதி எல்லாம் பூஜ்யம். பூஜ்யத்தைக் கொட்டி வைக்கத்தான் ராம் வாங்கியிருக்கிறேன்.

மென்பொருள் மாறுவது பற்றி: சாஸ் தரவை டிஸ்க்கிலிருந்து வரிவரியாகப் படிக்கும், அதனால் வரி எண்ணிக்கை அதற்குப் பாரமில்லை. ஸ்டேட்டாவில் நீங்கள் வாங்கும் பதிப்பைப் பொறுத்துக் காலம் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு: அடிப்படைப் பதிப்பில் 2,048, பெரியதில் 1,20,000. எங்கே போனாலும் 28,800 காலம் கேட்டால் ஏதாவது ஒரு இடத்தில் மூச்சு முட்டும். ஆர்-இலேயே இருங்கள். தேவையான காலங்களை மட்டும் படியுங்கள் (டேட்டா டேபிள் தொகுப்பின் எஃப்ரீட் போதும்). வகைகள் ஆயிரக்கணக்கில் என்றால் எல்எம்இ4 தொகுப்பில் ரேண்டம் எஃபெக்டாகக் (எல்லா வகைகளும் ஒரே பரவலிலிருந்து வந்தவை என்று கொள்ளும் முறை) கொடுங்கள். அது பூஜ்யங்களைச் சேமிப்பதில்லை.

நான் அதுகூடச் செய்யவில்லை. ஒரு வாரத் தரவை எடுத்து ஸ்பிண்டில்வாரியாகக் கூட்டினேன். 28,800 வரி, பழைய லேப்டாப்பே தாங்கும். சராசரி வாரத்துக்கு 3 அறுப்பு. பரவல் நார்மலா (மணி வடிவமா) என்று பார்க்க ஷாபிரோ டெஸ்ட் போட்டால், 3-லிருந்து 5,000 வரி வரைதான் எடுத்துக்கொள்வேன் என்று ஆர் மறுபடி கத்தியது. இந்த வரம்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இத்தனை வரி வைத்து அந்த டெஸ்ட் போட்டால் துளி கோணலையும் பெரிய குற்றமாகச் சொல்லும். தவிர, இது எண்ணிக்கை, இதற்குப் பாய்சான் (எண்ணிக்கைகளுக்கான பரவல்) தான் பொருத்தம். சராசரி 3 என்றால் 10-ம் அதற்கு மேலும் அறுவது ஆயிரத்தில் ஒன்றுக்குச் சும்மாவே நடக்கும். 28,800-ல் அது 32 ஸ்பிண்டில். அந்த 32 பேரையும் மெஷின் பழுது பார்க்கும் பிட்டரிடம் பிடித்துக் கொடுத்தால் வசவுதான் கிடைக்கும்.

மோசமான ஸ்பிண்டில்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு பிட்டர் அண்ணனிடம் போனேன். அவர் விரலை வைத்து வந்தவர் 17வது ஃப்ரேமில் நிறுத்தினார். 211, 212, 811, 812.

“இது நாலும் ஒரே டேப்புல ஓடறதுங்க தம்பி. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. டேப்பு லூசாயிருக்கும், போய்ப் பாருங்க.”

லூசாகத்தான் இருந்தது. ஸ்பிண்டிலைச் சுழற்றும் பட்டைதான் டேப்; அது வழுக்கினால் ஸ்பிண்டில் வேகம் குறையும், முறுக்கு குறையும், நூல் அறும். பத்து வருஷமாக அந்த ஃப்ரேமுக்கு முன்னால் நடக்கிறேன், நாலு ஸ்பிண்டிலுக்கு ஒரு டேப் என்பது எனக்குத் தெரியாததா? ஃபேக்டர் போடும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இப்போது டேப்வாரியாகத்தான் கூட்டுகிறேன். 28,800 போய் 7,200 ஆகிவிட்டது. ஒரு ஸ்பிண்டில் வாரத்துக்கு 6 தடவையோ அதற்கு மேலோ அறுந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், பன்னிரண்டில் ஒன்று தற்செயலாகவே அப்படி இருக்கும். ஒரே டேப்பின் நாலும் சேர்ந்து 24-ம் அதற்கு மேலும் என்றால், 7,200-ல் பத்துப் பதினொன்றுதான் தற்செயலாக வரும். அந்தப் பட்டியலை பிட்டர் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார்.

உங்கள் பிழைச் செய்தியில் எத்தனை ஜிபி என்று வருகிறது, எந்தக் காலத்தை ஃபேக்டராக்கினீர்கள், அதில் எத்தனை வகை என்று கீழே எழுதுங்கள். வகை எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, 8-ஆல் பெருக்கி, ஜிபியாக்க 1,024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள். அந்த ஜிபியோடு ஒத்துப்போனால் உங்களுக்கும் என் கதைதான்.