உடன் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

வெளிநாட்டுக்கு மாற்றலாகும் ஊழியர்களின் குடும்பங்களைக் கவனிக்கும் வேலையை மனிதவளத் துறையில் பார்த்து, ஓய்வு பெற்றுக் கோட்டையூரில் குடியிருக்கிறேன். மாற்றலாகிறவருக்குப் போனதும் ஒரு நாற்காலி காத்திருக்கும். உடன் போகிறவருக்கு என்ன காத்திருக்கிறது என்பதுதான் என் துறை. மற்றதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

காரைக்குடி: கணவருக்குச் சிங்கப்பூர் மாற்றல். நான் வங்கி ஊழியர். ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன், இன்னும் கொடுக்கவில்லை. அங்கே போய் வேலை தேடிக்கொள்ளலாம் அல்லவா, ஆச்சி?

கடிதம் மேசைக்குள்ளேயே இருக்கட்டும். நீங்கள் போகப்போவது, உடன் வரும் குடும்பத்தாருக்குக் கொடுக்கும் டிபென்டன்ட் பாஸில். முன்பெல்லாம் அதை வைத்திருப்பவர் ஒரு சம்மதக் கடிதம் பெற்று வேலைக்குப் போய்விடலாம். 2021 மே 1 முதல் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது; சொந்தத் தொழில் நடத்துகிற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு, வேலை கொடுக்கும் நிறுவனமே எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் போன்ற வேலை அனுமதி ஒன்றைத் தனியாக வாங்கித் தர வேண்டும். அந்த இரண்டுக்கும் சம்பள வரம்பு உண்டு. ஆகவே இங்கிருந்தே தேடத் தொடங்குங்கள். உங்களுடையது பொதுத்துறை வங்கி என்றால், பெண் ஊழியர்களுக்குச் சம்பளமில்லா நீண்ட விடுப்புத் திட்டம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விசாவின் வகை தெரியாமல் யாரும் வேலையை விடாதீர்கள். இதை இன்று பல முறை சொல்லப்போகிறேன்.

தேவகோட்டை: அமெரிக்கா என்றால் வேலை பார்க்கலாமா?

கணவருக்கு என்ன விசா என்று நீங்கள் எழுதவில்லை. நிறுவனம் தன் அமெரிக்கக் கிளைக்கே மாற்றும் எல்-1 என்றால் கவலையில்லை. 2021 நவம்பர் முதல் அவர்களுடைய துணைவர் தனி அட்டைக்குக் காத்திருக்க வேண்டாம், நுழைவுப் பதிவில் எல்-2எஸ் என்று இருந்தால் போதும். எச்-1பி என்றால் உங்களுக்கு அதன் துணைவர் விசாவான எச்-4. அதில் வேலை அனுமதி கேட்கவே, பொதுவாகக் கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். 2015-இல் வந்த விதி அது. ஒரே ஊர், ஒரே நிறுவனம், பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருத்தி வேலைக்குப் போவாள், ஒருத்தி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

புதுவயல்: துபாய்க்குத் திருமணச் சான்று கேட்கிறார்கள். கல்யாணத்தன்று எழுதிய திருமண ஒப்பந்தம், இசைகுடிமானம், இருக்கிறதே, போதாதா?

நம் ஊருக்குப் போதும், தூதரகத்துக்குப் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து சான்று வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்; காலம் கடந்திருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதியலாம். பிறகு வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பம், அதன்மேல் அமீரகத் தூதரகச் சான்றொப்பம். நகரத்தார் வீடுகளுக்கு இன்னொன்று: பெயருக்கு முன்னால் வரும் மூன்று நான்கு எழுத்து விலாசத்தைப் பள்ளிச் சான்றில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் விரித்து எழுதியிருப்பீர்கள். இன்றே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆத்தங்குடி: மருமகளோடு ஜெர்மனிக்கு எத்தனை கிலோ வற்றல் அனுப்பலாம்?

விமான நிறுவனத்தைக் கேளுங்கள்.

காரைக்குடி: அடுத்த வாரம் கணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். ஜெர்மனி. நிறுவனத்திடம் எனக்காக எதையாவது கேட்க முடியுமா?

முடியும், கையெழுத்துக்கு முன்புவரை. மை காய்ந்த பிறகு "பார்க்கலாம்" என்பார்கள். மொழி வகுப்புக் கட்டணம் இருவருக்கும். உங்கள் பட்டத்தை மதிப்பிடும் செலவு. வேலை தேட ஆலோசகர். ஊர் வந்துபோக டிக்கெட். இவை கடிதத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன மேலாளரும் ஒரு நாள் மாற்றலாகிப் போய்விடுவார். அவர் உயர்தகுதி ஊழியர்களுக்கான புளூ கார்டில் போனால் நீங்கள் அங்கே எந்த வேலையும் பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் செவிலியர், மருத்துவர், ஆசிரியர் போன்ற தொழில்களுக்குத் தகுதி அங்கீகாரம் தனியாக வாங்க வேண்டும். மொழிக்கு, நகரந்தோறும் இருக்கும் பொதுமக்கள் கல்வி நிலையமான ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலேயில் சேருங்கள். வீட்டில் உட்கார்ந்து செயலியில் படித்தால் சொற்கள் வரும், சிநேகிதி வரமாட்டாள்.

கண்டனூர்: சிங்கப்பூரில் டிபென்டன்ட் பாஸில் வேலை...

முதல் பதில்.

பள்ளத்தூர், ஒரு பெரியவர்: எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனபோது அப்பத்தா மூன்று வருடம் தனியாக வீட்டைப் பார்த்தார். மொழி வகுப்பு வேண்டும், ஆலோசகர் வேண்டும் என்று யாரைக் கேட்டார்? இந்தக் காலத்துப் பெண்களுக்குச் செல்லம் அதிகம்.

அண்ணன் நல்ல இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். அப்பத்தாவிடம் என்னவெல்லாம் இருந்தன என்று எண்ணிப் பார்ப்போம். சீதனப் பணம் அவர் பெயரில் கடையில் வட்டிக்குக் கிடந்தது; ஆச்சிமார் பணம் என்று கணக்கிலேயே தனியாக இருந்தது. கல்யாணமானதும் வேறு வைத்து, தனிச் சமையலாக்கிவிட்டதால் அடுப்பு அவருடையது, அரிசி பருப்பு அவர் பொறுப்பு. வீட்டு நடுமுற்றமான வளவில் இறங்கினால் கொழுந்தன் பெண்டாட்டி, நாத்தனார், சண்டை போடவாவது நாலு பேர். இழவு, திருமணம், முன்னோருக்குப் படைப்பு எதுவென்றாலும் அவரைக் கேட்காமல் நடக்காது. ஃபிராங்க்பர்ட்டில் மூன்றாம் மாடியில் இருக்கும் பெண்ணுக்கு இவற்றில் எது இருக்கிறது? பால் வாங்கக்கூடக் கணவரின் கார்டு. நான் நிறுவனத்திடம் கேட்கச் சொல்வது செல்லம் இல்லை அண்ணன், அப்பத்தாவிடம் இருந்ததில் கால்வாசி.

கானாடுகாத்தான்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்தக் காலத்து ஆச்சிகள் ஏதோ சுகமாக இருந்ததுபோல எழுதுகிறீர்கள். எங்கள் ஆயா வாசல் திண்ணையில் தபாலுக்குக் காத்திருந்தே கிழவியானார்.

சுகம் என்று நான் எழுதவில்லை. பிரிவு இருந்தது, ரங்கூனில் இன்னொரு குடும்பம் வைத்தவர்களும் இருந்தார்கள். கையில் காசும் ஊரில் சொல்லும் இருந்தது என்றேன். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

பள்ளத்தூர், அதே பெரியவர்: ஆச்சிமார் பணத்தைக் கையாண்டது ஆண்கள்தானே?

கையாண்டது ஆண்கள், வட்டி யார் கணக்கில் ஏறியது? உங்கள் வீட்டுப் பேரேட்டைத் திறந்து பாருங்கள். இந்தப் பேச்சை இத்தோடு விடுவோம், வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

தேவகோட்டை, ஆண்: மனைவிக்கு லண்டன் மாற்றல், ஸ்கில்டு வொர்க்கர் விசா. நான் உடன் போகிறேன். "பெண்டாட்டி பின்னால் போகிறான்" என்று ஊரில் சிரிக்கிறார்கள், ஆச்சி.

ஊர் சிரிப்பதற்கு என்னிடம் மருந்தில்லை. உங்கள் விசாவில் அநேகமாக எல்லா வேலையும் பார்க்கலாம், தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ மட்டும் முடியாது. உங்களை வேறொன்றுக்கு எச்சரிக்கிறேன்: அங்கே துணைவர்களின் காலைக் கூட்டங்களில் பெரும்பாலும் பெண்களே இருப்பார்கள். கூச்சப்பட்டு ஒதுங்கினால் மாதக்கணக்கில் மனைவியைத் தவிர யாரிடமும் பேசியிருக்கமாட்டீர்கள். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே கிரிக்கெட் கிளப் ஏதாவது ஒன்றில் சேருங்கள்.

காரைக்குடி: எச்-4 விசாவில்...

இரண்டாவது பதில். விசாவின் வகை, விசாவின் வகை!

கோட்டையூர்: என் பெயரில் இங்கே இருக்கும் சேமிப்புக் கணக்கையும் நகை லாக்கரையும் மூடிவிடச் சொல்கிறார் கணவர். மூடவா?

இரண்டையும் மூடாதீர்கள். வெளிநாடுவாழ் இந்தியர் ஆனதும் வங்கிக்குத் தெரிவித்துச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். லாக்கரில் உங்கள் அம்மாவைக் கூட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாமினி என்று மட்டும் போட்டால், நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அவரால் அதைத் திறக்க முடியாது.